மணற்பாங்கான ஊரில் செப்டிக் டேங்க்: ஊற்று கெடாமல் கட்ட முடியுமா?

கடலோரக்காரி:
மண்டபம் பக்கம் சிறிய மீனவக் கிராமம் எங்களுடையது. நான்கு முழம் தோண்டினால் ஊற்று. உவர்நீருக்கு மேல் நிற்கும் அந்த மெல்லிய நன்னீர்தான் குடிக்க. இப்போது வீட்டுக்கு வீடு அடிப்பகுதி பூசாத தொட்டி கட்டுகிறார்கள். கேட்டால், "மணல் குடித்துவிடும் அம்மா" என்கிறார் கொத்தனார். குடித்தது எங்கே போகுமாம்? நான் என்ன கட்டட்டும்?

தொண்டிக்காரன்:
நேராக ஊற்றுக்குத்தான் போகும் அக்கா. அடியும் சுவரும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள். வெளிவரும் நீரை, தளம் பூசிய ஜல்லிப் படுகையில் விட்டுக் கல்வாழை நடுங்கள். கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். நீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓட வேண்டும். மேலே தேங்கினால் கொசுதான். கடைசியில் வருவதைத் தென்னைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

உப்புக்காற்று:
ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறும்போது தொட்டியை முழுதாகக் காலி செய்யாதீர்கள். மிதந்து எழும்பிவிடும். தளத்தைக் கனமாகப் போடச் சொல்லுங்கள்.

கடலோரக்காரி:
மீன் கழுவிய தண்ணீர்?

தொண்டிக்காரன்:
செதிலும் கொழுப்பும் ஜல்லியை அடைத்துவிடும். முதலில் பொடிக்கண் வலையில் வடிகட்டுங்கள்.

கடலோரக்காரி:
வலைக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! கொத்தனாரிடம்தான் இனிப் பேச வேண்டும்.