தண்டுவடக் காயமும் மின்தூண்டலும்: என் தம்பியின் கால் துடிப்பது எதைக் காட்டுகிறது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 29. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு நொறுங்கி, அந்த இடத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து எலும்பை நிலைப்படுத்தினார்கள். ஆனால் 14 மாதங்களாகியும் நெஞ்சுக்குக் கீழே உணர்வோ அசைவோ திரும்பவில்லை. மருத்துவக் குறிப்பில் ‘முழுமையான காயம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

காலையில் உடம்பு துடைத்துவிடும்போது, ஈரத்துணி உள்ளங்காலில் பட்டவுடன் அவனுடைய வலது கால் முழங்காலோடு மடங்கி மேலே எழும்பி, சில நொடிகள் துடித்துவிட்டு அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். மருத்துவரோ அது அனிச்சைச் செயல்தான் என்கிறார்.

சுவிட்சர்லாந்தில் மூளையிலும் முதுகிலும் கருவி பொருத்திக்கொண்ட ஒருவர் நடப்பதைக் காணொளியில் பார்த்தோம். அது தம்பிக்கும் பொருந்துமா? இதற்கிடையே ஒரு தனியார் மையம், மூன்று மாதம் ரோபோவில் நடக்க வைத்தால் நரம்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்முனை

வணக்கம் சகோதரி. நான் உயிர்மருத்துவப் பொறியாளர். முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் விளக்கம் அதில்தான் தொடங்குகிறது.

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஆனால் ‘அனிச்சைச் செயல்தான்’ என்று ஒதுக்கிவிடுமளவுக்கு அது சிறிய செய்தி அல்ல. கால்களை இயக்கும் நரம்பணுக்கள் மூளையில் இல்லை; தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ விலா எலும்புகள் முடியும் மட்டத்தில் இருக்கின்றன. தம்பியின் காயம் அதற்கு மேலே இருப்பதால் அந்த நரம்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, மூளையிலிருந்து வரும் கட்டளை மட்டும் அவற்றை எட்டுவதில்லை. உள்ளங்காலின் தொடுதல் நேராக அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்தே காலை மடக்கச் சொல்கிறது. அது தம்பியின் விருப்பத்தால் நடந்த அசைவு அல்ல, குணமடைவதன் அறிகுறியும் அல்ல. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் செத்துவிடவில்லை என்பதை அது காட்டுகிறது.

மின்தூண்டல் ஆய்வுகள் பயன்படுத்திக்கொள்வது இந்த உயிரைத்தான். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய மின்முனைத் தகடு ஒன்றை வைத்து, பின்பக்கமாக உள்ளே நுழையும் உணர்வு நரம்பு இழைகளைத் தூண்டுகிறார்கள். மின்சாரம் தசையை நேரடியாக இழுப்பதில்லை. உறங்கிக் கிடக்கும் நரம்பணுக்களை, சிறு கட்டளை வந்தாலும் செயல்படும் அளவுக்கு விழிப்பு நிலையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அசைவே இல்லாதிருந்த ஓர் இளைஞர், தூண்டல் இயங்கும்போது எழுந்து நின்றதோடு கால்விரலையும் கணுக்காலையும் தம் விருப்பப்படி அசைத்தார். ‘முழுமையான காயம்’ என்று பரிசோதனையில் பதிவான பலரிடம் சில இழைகள் அறுபடாமல், ஆனால் தனியாக எதையும் செய்யும் வலிமையின்றி எஞ்சியிருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரெகுவார் கூர்த்தீனும் அறுவை மருத்துவர் ஜோஸ்லீன் பிளோக்கும் இதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார்கள். தூண்டலை இடைவிடாமல் கொடுத்தால், கால் எங்கே இருக்கிறது என்று காலிலிருந்தே வரும் தகவல் குழம்பிவிடுகிறது. அதனால் எந்தக் காலை எப்போது தூக்க வேண்டுமோ அந்த நொடியில் அதற்குரிய இடத்தை மட்டும் தூண்டினார்கள். 2022-ல் வெளியான ஆய்வில், முழுமையான காயமுற்ற மூவருக்கு 16 மின்முனைகள் கொண்ட தகட்டைப் பொருத்தினார்கள். உடல் எடையைத் தாங்கும் பட்டையின் துணையோடு, தூண்டலை இயக்கிய ஒரே நாளில் அவர்களால் அடியெடுத்து வைக்க முடிந்தது. பிறகு பல மாதப் பயிற்சி தேவைப்பட்டது. தம்பியின் நிலைக்கு நெருக்கமானது இந்த மூவரின் கதைதான்.

நீங்கள் காணொளியில் பார்த்தவர் 2023-ல் செய்தியான டச்சுக்காரர் கெர்ட்-யான் ஓஸ்காமாக இருக்கலாம். அவருக்குக் கழுத்தில் காயம், அதுவும் முழுமையற்ற காயம். மூளைக்கு மேலே, தலையின் பக்கத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள் கொண்ட இரண்டு வட்டக் கருவிகள் வைக்கப்பட்டன. நடக்க வேண்டும் என்று அவர் எண்ணும்போது எழும் மின்குறிகளைக் கணினி படித்து, முதுகில் உள்ள தூண்டியை இயக்குகிறது. ஓராண்டுக்கு மேலாகியும் அது நிலையாக வேலை செய்தது. கருவியை நிறுத்திய பிறகும் ஊன்றுகோலோடு சில அடிகள் நடக்கும் திறன் அவருக்குத் திரும்பியிருந்தது. ஆயினும் இது ஒருவரிடம் கிடைத்த முடிவு என்பதை மறந்துவிடக் கூடாது.

கைத்தாங்கல்

நான் 17 ஆண்டுகளாகத் தண்டுவட நோயாளிகளுடன் வேலை செய்யும் இயன்முறை மருத்துவர். வீட்டை அடமானம் வைக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

ரோபோ நடைக்கருவியை நான் குறை சொல்லவில்லை. அது இயன்முறை மருத்துவர்களின் முதுகைக் காப்பாற்றுகிறது, அதிக அடிகளைச் சீராக எடுக்க வைக்கிறது. ஆனால் காலை அது தூக்கி வைப்பதும் நோயாளி தாமே தூக்குவதும் ஒன்றல்ல. 2006-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முழுமையற்ற காயமுற்றவர்களை உடல் எடையைத் தாங்கும் பட்டையோடு நடைப்பொறியில் (டிரெட்மில்) பயிற்றுவித்ததையும், தரையிலேயே பயிற்றுவித்ததையும் ஒப்பிட்டார்கள். இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நரம்பு வளர்ந்துவிடும் என்று விற்பவர்களிடம், எந்த அளவுகோலில், யாரிடம், எவ்வளவு மாற்றம் கண்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

தண்டுவடக் காயத்தின் தீவிரத்தை மதிப்பிடும் ஆசியா (ASIA) அளவுகோல் பரிசோதனையைத் தம்பிக்கு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, அங்கே விருப்பப்படி சுருக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் ‘முழுமை’ என்பதை முடிவு செய்கிறார்கள். கூச்சத்தால் அதைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட்ட குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். நாளை ஓர் ஆய்வில் சேரும் வாய்ப்பு வந்தாலும், ஆறாத படுக்கைப்புண், மடங்கி இறுகிய கணுக்கால், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அந்த வாய்ப்பு நழுவிவிடக்கூடும். தினமும் இரவில் கண்ணாடி வைத்து இடுப்பையும் குதிகாலையும் பார்க்கிறீர்களா? மூட்டுகளை முழு அளவுக்கு அசைத்துவிடுகிறீர்களா? குறித்த நேரத்தில் கதீட்டர் போடுகிறீர்களா? கால் துடிப்பது திடீரென்று அதிகரித்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாமல், தொற்றோ புண்ணோ மலச்சிக்கலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரநாற்காலிக்காரன்

சகோதரி, எனக்குக் கழுத்தில் காயம் ஏற்பட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. நடப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு டம்ளரைப் பிடிக்கும் விரல்கள். 2004-ல் அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்களிடமே எது திரும்பினால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்டபோது, கை கால் இரண்டும் செயலிழந்தவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் கைகளையே முதலிடத்தில் வைத்தார்கள். தம்பியிடமும் அவருக்கு எது முதலில் வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள்.

உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவியிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. கைகளை இயக்கும் ‘ஃப்ரீஹேண்ட்’ என்ற கருவிக்கு அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. மக்கள் அதனால் முள்கரண்டி பிடித்தார்கள், எழுதினார்கள். நான்கே ஆண்டுகளில் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது. கருவி நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் உடலுக்குள் அதை வைத்திருந்தவர்களுக்குப் பழுது பார்ப்பதும் உதிரிப்பாகம் கிடைப்பதும் பெரும்பாடானது. ஆகவே மின்கலத்தை யார் மாற்றுவார்கள், பத்து ஆண்டு கழித்து யார் பொறுப்பு என்ற கேள்வியை ஆய்வாளர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-ல் அவர் முயற்சியில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. பணத்தைக் கட்டும் முன் தம்பியை அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

வைகைக்கரை

மூவருக்கும் என் நன்றி. தனியார் மையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம். தம்பியிடம் கேட்டேன். நடப்பதைச் சொல்வான் என்று நினைத்தேன். யார் துணையும் இல்லாமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும் என்றான். இப்போது புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குகிறான், அதனால் வலது தோள் வலிக்கிறது. என்ன செய்வது?

கைத்தாங்கல்

தூக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். இனி அந்தத் தோள்தான் அவருக்குக் காலும்கூட. முன்னால் உள்ள மேசையில் முழங்கைகளை வைத்து நன்றாகக் குனியட்டும், அல்லது ஒரு பக்கமாகச் சாயட்டும். இரண்டு நிமிடம் அப்படியே இருந்தால் அழுத்தப்பட்ட இடத்துக்கு இரத்தம் திரும்பிவிடும். அவருக்கு இன்னும் நெஞ்சுக்குக் கீழே பிடிமானம் இல்லாததால், முதல் சில நாள்கள் நீங்கள் எதிரே உட்கார்ந்து தோள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் காட்டுங்கள்.