தென்னை வேர்வாடல்: ட்ரோன் முன்கூட்டியே காட்டுமா?

கேள்வி: பொள்ளாச்சியில் உள்ள எங்கள் தோப்பில், ஓலைகள் விலா எலும்பு போல உள்வளைந்த பிறகே கேரள வேர்வாடல் நோய் எங்களுக்குத் தெரிகிறது. ட்ரோனால் அதற்கு முன்பே அறிய இயலுமா?

பதில் 1: சாதாரண கேமரா போதாது, ஐயா. பச்சையம் குறையத் தொடங்கும்போது, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 700 முதல் 750 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இலையின் பிரதிபலிப்பு மாறுவதால், அதைப் பதியும் மல்டிஸ்பெக்ட்ரல் (பல அலைநீள ஒளியைத் தனித்தனியே பதியும்) கேமரா வேண்டும். நிழல் குறைந்த உச்சிப்பொழுதில் பறக்கவிடுங்கள்.

பதில் 2: அதே மாற்றம் நீர்ப்பற்றாக்குறையாலும் வெள்ளை ஈயாலும் வரலாம், நோய் எதுவென்று படம் சொல்லாது. ஐயத்துக்குரிய மரங்களைக் குறித்துக்கொண்டு நேரில் பாருங்கள். வெள்ளை ஈ என்றால் கீழ் ஓலைகளின் மேற்பரப்பில் கரும்பூசணம் படிந்திருக்கும்.

கேட்டவர்: மிக்க நன்றி. இருபத்தைந்து ஆண்டு மரங்கள் என்பதால் ஒவ்வொன்றையும் காப்பாற்றவே விரும்புகிறேன்.