செலரித் தண்டு நாராகவும் கசப்பாகவும் வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். முதன்முறையாகச் செலரி பயிரிட்டு, நாற்று நட்டு 80 நாட்களாகின்றன. செடிகள் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. ஆனால் நேற்று ஒரு தண்டை ஒடித்தபோது அது நறுக்கென்று முறியாமல் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பஞ்சுபோல் வெளுத்து, ஓரிரு இடங்களில் பொள்ளலாகவும் இருந்தது. கசப்போ வாயில் வைக்க முடியவில்லை. வாரம் இருமுறை தண்ணீர் விடுகிறேன். அறுவடையைத் தள்ளிப்போட்டதுதான் காரணமா? செடியோடு எடுப்பதா, தண்டு தண்டாக வெட்டுவதா?

மறுமொழி 1:
முற்றிய தண்டிலும் நார் கூடும் என்றாலும், 80 நாள் என்பது செலரிக்குத் தாமதமே அல்ல. நட்டதிலிருந்து 3 முதல் 4 மாதம் வரை அது எடுத்துக்கொள்ளும். எனக்குச் சந்தேகம் தண்ணீரின் மீதுதான். ஈரம் மிகுந்த சதுப்பு நிலங்களில் வளர்ந்த காட்டுச்செடியின் வழிவந்தது இது. வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், இரண்டு நாள் மண் காய்ந்தாலும் தண்டு நாரேறிப் பஞ்சாகிவிடும், அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் அந்தத் தண்டு மீளாது. மேற்பரப்பின் நிறத்தை நம்பாமல் விரலை இரண்டு கணு ஆழம் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் மேலே ஈரமும் கீழே புழுதியுமாகத்தான் இருக்கும். நன்கு மட்கிய தொழுவுரம் இட்டு, காய்ந்த இலைகளால் மூடாக்குப் போட்டு, மண் ஒருநாளும் உலராதபடி பாய்ச்சுங்கள். நீர் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச்சத்து இளந்தளிர்களை எட்டாமல் நடுக்குருத்து கருகுவதும் உண்டு.

மறுமொழி 2:
கசப்புக்கு வெயிலும் ஒரு காரணம். அறுவடைக்கு 2 அல்லது 3 வாரம் முன்பு தண்டுகளைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, இலைகள் மட்டும் வெளியே தெரியும்படி தடித்த அட்டையால் சுற்றிவிட்டால், வெளிச்சம் படாத தண்டு வெளுத்து மென்மையாகும். தண்டுகளை ஒட்டி மண் அணைப்பதும் பழைய முறைதான், ஆனால் இடுக்குகளில் புகுந்த மண்ணைக் கழுவி மாளாது என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. வெட்டுவதைப் பொறுத்தவரை, வீட்டுத்தேவைக்கு வெளித்தண்டுகளை அடியோடு ஒட்டி அவ்வப்போது அறுத்துக்கொண்டு குருத்தை விட்டுவைத்தால் செடி தொடர்ந்து தரும். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரக்கூடும். ஆகவே கையுறை அணிந்து வெட்டுங்கள்.

மறுமொழி 3:
நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். செலரி ஈராண்டுப் பயிர். ஆனால் இளஞ்செடியாக இருக்கும்போது 10 பாகைக்கும் குறைவான குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றுவிட்டால், குளிர்காலம் கடந்துவிட்டதாகக் கருதி முதலாண்டிலேயே பூத்துவிடும். அப்போதும் தண்டு கடினமாகிக் கசக்கும்.

கேட்டவர்:
பூந்தண்டு எதுவும் இல்லை. விரலைச் செருகிப் பார்த்தேன். முதல் கணுவுக்குக் கீழே மண் மாவுபோல் உதிர்ந்தது. நாரேறிய வெளித்தண்டுகளை இன்றே அறுத்துச் சூப்பில் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்கிறேன். மூடாக்குப் போட்டாயிற்று; குருத்துக்கு இனி நாள்தோறும் தண்ணீர்.