கையில் போன் இருக்கையில் தனிப் பிளேயர் எதற்கு? அதிலும் வயர்லெஸ் எதற்கு?

உவர்மலையான்
வைஃபையும் புளூடூத்தும் உள்ள பாவித்த மியூசிக் பிளேயர் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஆண்ட்ராய்டு இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், மெமரி கார்ட் போடலாம், வயர் செருகும் துளையும் உண்டு. வீட்டில் தொடங்கி கடற்கரைக் கூட்டாளிகள் வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "போன் இருக்கிறதே, இது எதற்கு?"

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கந்தளாய் தாண்டுவதற்குள் மாமா எடுப்பார், கடன்காரன் எடுப்பான், வட்ஸ்அப் குழுவில் யாரோ காலை வணக்கத்தை நள்ளிரவிலேயே அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் பாட்டு விக்கி விக்கி நிற்கும். பாட்டுக்கென்று ஒரு கருவி வேண்டும், அதில் வயர்லெஸும் வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சீனக்குடாக்காரன்
தம்பி, உங்கள் நோய்க்கு மருந்து போனிலேயே இருக்கிறது. விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் புளூடூத்தை மட்டும் திரும்பத் திறந்துகொள்ளுங்கள். மாமாவும் வரமாட்டார், கடன்காரனும் வரமாட்டான். செலவு சதம்கூட இல்லை.

வயர்லெஸ் பிளேயர் என்பது ஏற்கனவே கரையேற முடியாமல் போன சரக்கு. மைக்ரோசாஃப்ட் 2006இல் சூன் (Zune) என்று ஒரு பிளேயரைக் கொண்டுவந்தது. வைஃபை வழியாகப் பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு அனுப்பலாம் என்று ஒரே ஆரவாரம். அனுப்பிய பாட்டை மூன்று தடவை அல்லது மூன்று நாள்தான் கேட்கலாம், அதன்பின் பூட்டு. 2015இல் சேவையையே மூடிவிட்டார்கள். ஆப்பிளின் ஐபாட் டச் 2007இல் வைஃபையோடு வந்தது, 2022 மே மாதம் அதற்கும் மங்களம் பாடியாயிற்று. உலகத்துக்கே விற்ற ஆப்பிள் கடையைக் கட்டிய பிறகு நீங்கள் எதை நம்பி வாங்கினீர்கள்?

மூதூர்ப் படகு
இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பிளேயர் வேண்டும். வயர்லெஸ் வேண்டாம்.

சிடியில் உள்ள ஒலி வினாடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் கோப்பு அதில் ஒரு துளியும் இழக்காமல் சுருக்கி வைக்கிறது. ஒலியைச் சுருக்கி அனுப்ப எல்லாப் புளூடூத் இயர்போனிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி முறை வழக்கமாக 328 கிலோபிட்டுக்கு மேல் போகாது. உவர்மலையான் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஃபிளாக், காதுக்கு வருமுன் மறுபடி நசுக்கப்படுகிறது. எம்பி3 என்றால் ஏற்கனவே நசுங்கியது, இரண்டாம் தடவையும் நசுங்கும். வயர் இயர்போனை மாட்டினால் இந்த வில்லங்கமே இல்லை. அதற்குச் சார்ஜும் தேவையில்லை.

உவர்மலையான்
நானா, எஸ்பிசியோடு உலகம் நின்றுவிடவில்லை. சோனியின் எல்டாக் முறையில் 990 கிலோபிட் வரை போகலாம், என் பிளேயரில் அது இருக்கிறது. அது போகட்டும். மூதூர்ப் படகின் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஃபிளாக்குக்கும் எம்பி3க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் செவி உங்களுக்கு இருந்தால், அந்தச் செவிக்கு ஒரு கும்பிடு.

நான் வயர்லெஸ் வேண்டும் என்பது கேட்பதற்காக மட்டும் அல்ல, பாட்டை உள்ளே ஏற்றுவதற்கு. என்னிடம் கணினி கிடையாது. பிளேயரில் வைஃபையைப் போட்டால் திரையில் ஒரு எண் முகவரி வருகிறது. அதைப் போனின் உலாவியில் அடித்தால் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறக்கும். கோப்புகளைத் தெரிவு செய்து அனுப்பினால் நேரே மெமரி கார்டுக்குள் போய் விழுகின்றன. இன்டர்நெட் தேவையில்லை, டேட்டாவும் கரையாது, இரண்டும் ஒரே ரௌட்டரில் இருந்தால் போதும். ஏற்றி முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுவேன். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனாலும் என்னைத் தொட முடியாது.

மூதூர்ப் படகு
990 என்பது பெட்டியில் அச்சடித்த கணக்கு. தானியங்கி நிலையில் விட்டால், பஸ் நிலையம் போல ஆளும் போனும் நெரியும் இடத்தில் எல்டாக் தானாகவே 330க்கு இறங்கிவிடும். புளூடூத், பல வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் முட்டி மோதுகின்றன. மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். பிளேயரைப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் பாட்டு வெட்டி வெட்டி வருவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

கோப்பு ஏற்றுவதற்கு ஒரு கார்ட் ரீடர் போதும். அதைப் போனிலேயே செருகலாம்.

கன்னியா வெந்நீர்
நீங்கள் கிலோபிட்டுக்கு அடிபடுகிறீர்கள், என் சிக்கல் வேறு. அப்பா சேர்த்து வைத்த பாட்டுகள் ஒரு பழைய கணினியில் இருந்தன. பெயர்கள் அத்தனையும், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில். அந்தக் கணினியில் அழகான தமிழாகத் தெரிந்தது, பிளேயரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தது. எந்தக் கோப்பு தேவாரம், எது கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி என்று ஒவ்வொன்றாக, உலகப் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றினேன். மலிவான பிளேயர் என்றபடியால் அதுவும் ஒழுங்காக வரவில்லை. அதன் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. 'கேதாரம்' என்று நான் எழுதியதில் ஏகாரக் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் 'தா'வோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேதாரமும் கேட்கப் பிடிக்காது.

ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர் வாங்கிய பிறகுதான் தமிழ் தமிழாகத் தெரிந்தது. எனவே உவர்மலைத் தம்பி, ஆண்ட்ராய்டு இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். உங்கள் திரையில் பாட்டின் பெயர் எப்படித் தெரிகிறது? அதை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை.

உவர்மலையான்
அக்கா, கட்டங்கட்டமாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்திருக்கிறேன். இதை இவ்வளவு பேருக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டாம்.

சீனக்குடாக்காரன்
பார்த்தீர்களா! காசையும் கொடுத்துத் தமிழையும் இழந்தாயிற்று.

கன்னியா தங்கச்சி, உங்கள் ஆண்ட்ராய்டு பிளேயருக்கும் ஆயுள் கெட்டிதான் என்று எண்ண வேண்டாம். பாட்டு நின்றாலும் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும், சும்மா மேசையில் வைத்தாலும் பேட்டரி இறங்கும். சில ஆண்டுகளில் அதன் பதிப்பு பழசாகிவிடும், செயலிகள் ஒன்றொன்றாக 'இந்தக் கருவிக்கு ஆதரவில்லை' என்று கைவிரிக்கும். வெளிநாட்டில் இருந்து தருவிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வயர்லெஸ் கருவி என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி என்ற படியையும் ஏற வேண்டும்.

திருக்கடலூர் பெரியவர்
பிள்ளைகளே, 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு என்று அறிவித்த காலத்தை மறந்துவிட்டீர்களா? போனில் மிஞ்சிய சார்ஜை அவசர அழைப்புக்கென்று கஞ்சத்தனமாகக் காத்தோம். அப்போது பாட்டுக்கு வேறு பேட்டரி, பேச்சுக்கு வேறு பேட்டரி என்று வைத்திருந்தவன் பாக்கியவான். சீனக்குடாக்காரரின் விமானப் பயன்முறை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

என் பிளேயரில் வானொலியும் உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலியே தன் ஒலியை ஆசியாவுக்கு அஞ்சல் செய்ய நிலையம் வைத்திருந்த ஊர் இது. அந்த ஊர்க்காரனுக்கு வானொலி இல்லாத கருவி கருவியாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று: எஃப்எம் கேட்க வேண்டும் என்றால் இயர்போன் வயர் வேண்டும், அந்த வயர்தான் அன்டெனா. புளூடூத்தை மாட்டிவிட்டு 'இரைச்சலாக வருகிறது' என்று மகன் பிளேயரைத் திட்டினான். வயரைச் செருகினேன், வாயை மூடிக்கொண்டான்.

மூதூர்ப் படகு
ஐயா எங்கள் பக்கம்!

திருக்கடலூர் பெரியவர்
எந்தப் பக்கமும் இல்லை தம்பி. படுக்கையில் புளூடூத்தான். வயர் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது.

அலஸ்தோட்டம்
இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபை சேவை 2021இல் இலங்கைக்கு வந்த பிறகும் கோப்பு, கார்ட் என்று பேசுகிறீர்களே! மாதச் சந்தா கட்டினால் போனிலேயே இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் கேட்கலாம்.

ஒரு தாதியாக இன்னொன்றும் சொல்கிறேன். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம்தான் பாதுகாப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. பஸ் ஓட்டுநர் போடும் பாட்டை அமுக்குவதற்காக உங்கள் பாட்டைக் கூட்டினால், எந்தக் கருவி என்றாலும் காது போய்விடும். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையைப் போடுங்கள், ஒலியைக் கூட்டும் தேவையே குறையும்.

கன்னியா வெந்நீர்
காது விஷயம் சரி. சந்தாவை நிறுத்தினால் இறக்கியதெல்லாம் பூட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டே இருந்தாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது போனை இணையத்தில் இணைக்க வேண்டும். அப்பாவின் ஒலிநாடாவில் இருக்கும் எங்கள் கோயில் நாதஸ்வரம் எந்தச் சந்தாவிலும் கிடைக்காது. 60 நிமிட நாடா ஒன்றைச் சிடி தரத்தில் பதிந்தால் ஏறத்தாழ 600 எம்பி. போனில் படமும் காணொளியும் போக அதற்கு எங்கே இடம்? என் போனில் கார்ட் போடும் துளையும் இல்லை.

சீனக்குடாக்காரன்
அந்த நாதஸ்வரத்துக்காக என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பஸ்ஸில் சினிமாப் பாட்டுக் கேட்க ஒரு கருவி, கார்ட், அதற்கொரு சார்ஜர், புளூடூத்துக்கு இன்னொரு சார்ஜர் என்று பை நிறையச் சுமப்பதைத்தான் வீண் என்கிறேன். அதில் இருந்து இறங்க மாட்டேன்.

மூதூர்ப் படகு
உவர்மலையான், ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வருகிறேன். என் வயர் இயர்போனோடு வருவேன், நீங்கள் எல்டாக் இயர்போனோடு வாருங்கள். ஒரே பாட்டு, ஒரே பிளேயர். மாற்றி மாற்றி மாட்டினால் காதில் படுவதே காட்டிக்கொடுத்துவிடும். எனவே எது எதென்று தெரியாமல் கேட்க ஒரு வழி யோசியுங்கள்.

உவர்மலையான்
சம்மதம் நானா. பாட்டை அக்கா தெரிவு செய்யட்டும். சீனக்குடா அண்ணா நடுவராக இருக்கலாம், போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வந்தால்.