“சார்” என்ற சொல் செல்லாத ஊரில்: உப்சாலாவில் என் முதல் வாரங்கள்

நான் ஸ்வீடனின் உப்சாலா நகருக்குப் போய்ச் சேர்ந்தது 2018 ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில். ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து இருபது நிமிட ரயில் பயணம்தான்; இரவு எட்டு மணிக்கும் வானம் வெளுத்தே இருந்தது. திருநெல்வேலியில் இளங்கலை முடித்துவிட்டு நிலத்தடி நீரியல் படிக்கப் போன எனக்கு, குளிரைப் பற்றியும் டிசம்பர் மாத இருட்டைப் பற்றியும் எச்சரிக்கை சொல்லி அனுப்பியவர்கள் பலர். எதிரே நிற்கும் மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் அங்கே முதலில் இடறப்போகிறேன் என்று எவரும் சொல்லவில்லை.

அதற்கான அறிகுறி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்தது. பாடத்திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியருக்கு, “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்கி, அவருடைய பட்டங்களை ஒன்றுவிடாமல் எழுதி, நான்கு பத்திகளில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் இரண்டே வரிகளில் வந்தது. மேலே “ஹேய்” என்ற சொல்லும் என் பெயரும். கீழே ஒரு முதற்பெயர் மட்டும். பட்டமோ பதவியோ துறையின் பெயரோ இல்லாததால், அதை எழுதியவர் அலுவலக உதவியாளராகத்தான் இருப்பார் என்று முடிவு செய்து, பேராசிரியர் அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவித்துவிடும்படி அவருக்கே மறுபடியும் எழுதினேன். தெரிவித்துவிட்டதாகப் பதில் வந்தது.

முதல் வகுப்பு காலை 10 மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது. 9.50-க்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி ஆகியும் அறையில் என்னைத் தவிர ஆளில்லை. தவறான கட்டடத்துக்கு வந்துவிட்டேனோ என்று கதவு எண்ணை மூன்று முறை சரிபார்த்த பிறகு, 10.10-க்கு மேல் மாணவர்கள் ஒவ்வொருவராக, எந்த அவசரமும் இல்லாமல் வந்தார்கள். சரியாக 10.15-க்கு, சைக்கிள் தலைக்கவசத்தை ஒரு கையிலும் காபிக் குவளையை மறு கையிலும் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்தார். பள்ளிக்கூடம் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் பழகிய கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. எழுந்து நின்றது நான் ஒருவன் மட்டும்தான். எனக்கு ஏதோ ஐயம் இருப்பதாக நினைத்து அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வேறு வழியின்றி, வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல், பொறுமையாக விளக்கினார். “பல்கலைக்கழகக் கால்மணி” என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. கைக்கடிகாரம் அரிதாக இருந்த காலத்தில், தேவாலய மணி அடித்ததைக் கேட்டபின் மாணவர்கள் நடந்து வந்துசேரக் கொடுத்த பதினைந்து நிமிடம் அது. 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் அந்தக் கால்மணி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு அதுவே அரைமணியாகிவிடும். வகுப்பு முடிந்து எல்லாரும் அவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டபோதுதான், என் வணக்கத்தைத் தமக்குத் தாமே தெரிவித்துக்கொண்டவர் இவர்தான் என்பது எனக்கு உறைத்தது.

தங்கியிருந்தது நகரின் மேற்கே ஃப்ளொக்ஸ்தா என்னும் மாணவர் குடியிருப்பில். நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. முதல் மூன்று நாள்களில் அந்தச் சமையலறையில் யாரும் என்னிடம் ஒரு “ஹேய்” என்பதற்கு மேல் பேசவில்லை. எந்த ஊர் என்று ஒருவரிடம் நானே கேட்டதற்கு, ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். நான்காம் நாள் இரவு சரியாகப் பத்து மணிக்கு, சுற்றியிருந்த எல்லாக் கட்டடங்களின் சன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியும் அலறல் கிளம்பியது. தீ விபத்து என்று நினைத்துக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். அந்த “ஊர்ப் பெயர்” நண்பர் சமையலறைச் சன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். முடித்ததும் சன்னலைச் சாத்திவிட்டு, இரவு பத்து மணிக்குக் கத்துவது இங்கே வழக்கம் என்று சொல்லி, மீண்டும் மௌனமாகப் பாத்திரம் கழுவினார். அதற்கு முந்தைய மூன்று இரவுகளும் பயணக் களைப்பில் ஒன்பதுக்கே தூங்கிவிட்டதால் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

பட்டங்களைக் கைவிட்ட நாட்டில் எண்ணைக் கைவிட முடியாது. இப்போது பிறந்த தேதியோடு நான்கு இலக்கங்கள் சேர்த்து எழுதப்படும் “பெர்ஷூன்நும்மெர்” என்னும் ஆளெண் முறை 1947 முதல் அங்கே வழங்குகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்குபவர்கள் வரி அலுவலகத்தில் பதிந்து அதைப் பெற வேண்டும். 1991 வரை இந்தக் குடிப்பதிவை அந்தந்தப் பகுதித் தேவாலயங்களே வைத்திருந்தன என்பது எனக்கு வியப்பாக இருந்தது. எண் வரும்வரை வங்கிக் கணக்குத் தொடங்குவது கடினம். கைப்பேசியில் பணம் அனுப்பும் ஸ்விஷ் கிடையாது. பல கடைகளில் ரொக்கமும் வாங்கமாட்டார்கள். வரிசைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அன்று, இங்கே என்னையும் யாரும் “தம்பி” என்று கூப்பிடப்போவதில்லை என்பது புரிந்தது.

இந்த விளிக் குழப்பத்துக்கு விடை கிடைத்தது நகர நூலகத்தின் மொழிக் காபி அமர்வில். ஓய்வுபெற்றவர்கள் வந்து புதியவர்களோடு ஸ்வீடிஷ் பேசிப் பழக்கும் எளிய ஏற்பாடு அது. என் மேசைக்கு வந்தவர், இளம் வயதில் வங்கியில் வேலை பார்த்த எழுபத்தெட்டு வயது அம்மையார். ஸ்வீடிஷ் மொழியில் “டூ” என்றால் ஒருமை. பன்மைக்கும் மரியாதைக்கும் உரிய சொல்லின் உச்சரிப்பு அச்சு அசலாக நம்முடைய “நீ”. தமிழில் அது ஒருமை என்று நான் சொன்னதும் அவருக்குத் தாங்க முடியாத சிரிப்பு. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவருடைய இளமையில் அந்த மரியாதைச் சொல்லே மரியாதைக்குறைவாகக் கருதப்பட்டதாம். பட்டம் இல்லாதவர்களை, தமக்குக் கீழானவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். மற்றவர்களிடம் “இயக்குநர் காபி சாப்பிடுகிறாரா?” என்று முகத்துக்கு நேரே படர்க்கையில் பேச வேண்டும். எதிரில் இருப்பவரின் பட்டம் தெரியாவிட்டால், விளியே வராதபடி வாக்கியத்தை வளைக்க வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் இது மளமளவென்று சரிந்தது. 1967-இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவர் ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் அனைவரையும் இனி “டூ” என்றே அழைக்கப்போவதாக அறிவித்ததை இன்றும் அடையாளமாகச் சொல்கிறார்கள். அரச குடும்பத்தாரிடம் மட்டும் படர்க்கை நீடிக்கிறது. இன்றைய கடைப் பிள்ளைகள் சிலர் மரியாதை என்று நினைத்து அந்தப் பழைய “நீ”-யைத் தன்னிடம் சொல்வதாகவும், கேட்கும்போது சுருக்கென்று இருப்பதாகவும் அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரிலும் “ஐயா சாப்பிட்டாச்சா?” என்று நேரிலேயே கேட்பதையும், வயது தெரியாதவரிடம் “எப்போது வரலாம்?” என்று ஆளே இல்லாத வாக்கியத்தில் தப்பிப்பதையும் நான் சொன்னேன். தன் தாயார் அப்படித்தான் பேசுவார் என்றார்.

ஆய்வேடு முடியும்வரை பேராசிரியருக்கு எழுதிய மின்னஞ்சல்களில் “ஹேய்” போட்டு அவருடைய முதற்பெயரை எழுதினேன். வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் அறை வாசலில் போய் நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பேன்.