பிறப்புக்கு வித்து எது: பழைய வினையா, இன்றைய வேட்கையா?

முற்றத்து மழை (காரைக்குடி)

என் மகனுக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. சென்ற வாரம் உறவில் ஒரு சாந்திக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஆச்சி ஒருவர், "போன பிறவியில் யார் சொல்லைக் கேட்காமல் இருந்தானோ" என்றார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. எதிரே இருந்தவர், புத்தரும் இதைத்தான் சொன்னார் என்று சேர்த்துக்கொண்டார். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உண்மையிலேயே புத்தர் சொன்னது இதுதானா?

பழைய பேரேடு (தேவகோட்டை)

இல்லை, ஆச்சி. சாரநாத்தில் தம் முதல் ஐந்து சீடர்களிடம் துன்பத்தின் காரணத்தைச் சொன்னபோது, 'மறுபடியும் பிறப்பிக்கின்ற வேட்கை' என்றுதான் சொன்னார். புலனின்பத்தை நாடும் வேட்கை, இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்னும் வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்னும் வேட்கை என்று மூன்று. இந்தக் காரணத் தொடரை மணிமேகலை பன்னிரண்டு கண்ணிகளாகத் தமிழில் தருகிறது: பேதைமை (அறியாமை), செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (வினைத் திரட்சி), தோற்றம் (பிறப்பு), வினைப்பயன். ஒன்று இருந்தால் அடுத்தது வரும். ஒன்று அற்றால் அடுத்தது அறும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் ஐயா. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஐயா நடந்தே ஊர் வந்தார். 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கப் பர்மா சட்டம் இயற்றியது. ஆனால் ஐயா சாகும்வரை அந்தப் பேரேடுகளை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். ஆண்டுதோறும் எடுத்துத் துடைப்பார். வராத கடனுக்கு வட்டி கூட்டிப் பார்ப்பார். தபால்காரர் வரும் நேரத்தில் வளவு வாசலுக்கு வந்து நிற்பார். வீட்டில் யாரும் அவரோடு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

கணக்கில் நாம் எழுதுகிற 'பற்று' என்ற சொல்லும் பன்னிரண்டில் ஒன்பதாவதாக வருகிற சொல்லும் ஒன்றே. நுகர்ந்தார், விரும்பினார், பற்றினார். பற்றியதும் 'பர்மா முதலாளி' என்று ஓர் ஆள் அவருக்குள் ஒவ்வொரு காலையும் பிறந்தார். கடை போன பிறகும் அந்த ஆள் சாகவில்லை. பிறவித் தொடரும் இப்படியே ஓடுகிறது என்று நான் நம்புகிறேன்.

நீறணிந்தவன் (இளையாத்தங்குடி)

தம்பி, உங்கள் ஐயாவைப் பற்றி எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனால் கணக்கைத் தொட்டீர்கள், ஆகவே கணக்கிலேயே கேட்கிறேன். கடன் வாங்கியவன் இல்லாமல் கடன் உண்டா? ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிறது உங்கள் பௌத்தம். அப்படியானால் வினை செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன். இதைவிட அநியாயம் என்ன இருக்க முடியும்? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் (பிற சமயங்களை மறுக்கும் பகுதியில்) பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுத்திருக்கிறார். "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்" என்று மணிவாசகர் அழுகிறாரே, இளைத்தவர் ஒருவர் இருந்தால்தானே அந்த அழுகைக்குப் பொருள்?

பழைய பேரேடு

அண்ணே, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கடையின் மேலாள் மாறுவார். பழையவர் கப்பல் ஏறுவார், புதியவர் பெட்டியடியில் உட்காருவார். ஒருவர் உடம்பிலிருந்து மற்றவர் உடம்புக்கு எதுவும் நடந்து போகவில்லை. ஆனாலும் பழையவர் கொடுத்த தவறான கடன் புதியவர் தலையில்தான் விழும். அவரும் இவரும் ஒருவரல்லர். தொடர்பற்ற இருவரும் அல்லர். முன்னிரவில் ஏற்றிய விளக்கின் சுடரும் விடியலில் எரியும் சுடரும் ஒன்றா என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதும் இதைத்தான்.

நீறணிந்தவன்

மேலாள் மாறுவார், சரி. கடைக்கு முதலாளி ஒருவர் இங்கே செட்டிநாட்டில் இருந்தாரே! அவர் விலாசத்தில்தானே கடை நடந்தது? அவர் இல்லாவிட்டால் அந்தப் புதிய மேலாளை அனுப்பியது யார்?

சாத்தன் வாசகி (கானாடுகாத்தான்)

முதலாளி பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ஆனால் 'பழைய பேரேடு' 'முற்றத்து மழை' ஆச்சிக்குச் சொன்ன முதல் விடையிலேயே ஓர் அவசரம் இருக்கிறது. ஆறுதலுக்காக நூலைப் பாதியாகக் காட்டக் கூடாது. மணிமேகலையின் கடைசிக் காதை இந்தப் பன்னிரண்டையும் குற்றம், வினை, பயன் என்று பிரிக்கிறது. பேதைமையும் வேட்கையும் பற்றும் குற்றம். வாயில், அதாவது கண்ணும் காதும் முதலான புலன்கள், பயனில் வருகின்றன. பேதைமையும் செய்கையும் இறந்த காலத்தவை என்றும் சொல்கிறது. அதோடு, சிலருக்கு நோயும் அற்ப ஆயுளும் ஏன் என்று சுபன் என்ற இளைஞன் கேட்டபோது, பிற உயிரைத் துன்புறுத்தியவன் நோயுற்றுப் பிறக்கிறான் என்று புத்தர் சொன்னதாகப் பாலி மொழிப் பௌத்த நூலில் ஓர் உரை உண்டு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய பேரேடு

நீங்கள் சொல்வது சரி. நான் அதை விட்டிருக்கக் கூடாது. புத்தர் வினையை மறுக்கவில்லை. ஆனால் துன்புறுத்தினால் நோய் வரும் என்பதும், நோய் வந்தவரெல்லாம் துன்புறுத்தியவர் என்பதும் வேறு வேறு. மழை பெய்தால் முற்றம் நனையும்; முற்றம் நனைந்திருப்பதாலேயே மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது.

இதை நானாகச் சொல்லவில்லை. மோலிய சீவகன் என்ற துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினையால்தானா என்று நேராகவே கேட்டான். அப்படிச் சொல்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் போகிறார்கள் என்றார் புத்தர். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்வது, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை எண்ணிச் சொன்னார். எட்டில் வினை ஒன்றே ஒன்று. வினைப்பயன் எண்ணி முடிக்க முடியாதது, அதை எண்ண முயல்பவன் சித்தம் கலங்குவான் என்று வேறோர் இடத்தில் எச்சரித்தார். பந்தியில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் செவியைப் பார்த்து அவன் முற்பிறவியை வாசித்த அந்த ஆச்சிக்கு இந்த எச்சரிக்கை தெரியாது.

அண்ணே, முதலாளி யார் என்ற கேள்வியைத்தான் புத்தர் ஏற்க மறுத்தார். 'வேட்கை கொள்பவன் யார்' என்று ஒருவர் கேட்டபோது, கேள்வி தவறு, 'எதைச் சார்ந்து வேட்கை வருகிறது' என்று கேள் என்றார். எண்ணெய் எது என்று தெரிந்தால் விளக்கு அணையும்.

நீறணிந்தவன்

எண்ணெயை நிறுத்துவதற்கும் ஒருவன் வேண்டும், தம்பி. அதில் நான் இம்மியும் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் அந்தப் பந்திப் பேச்சு எங்கள் சைவமும் அல்ல, தங்கச்சி. அதை இன்றே சொல்லிவிட வேண்டும். கொடிமாடச் செங்குன்றூரில் (திருச்செங்கோட்டில்) அடியார்கள் குளிர்சுரத்தால் வாடினார்கள். அப்போது ஞானசம்பந்தர் பாடியது:

"அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃது அறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உம்தமக்கு ஊனம் அன்றே"

ஊனம் என்ற சொல்லை அவர் எங்கே வைத்தார் என்று பாருங்கள். வினைக் கணக்குப் பேசிக்கொண்டு, உய்யும் வழி தேடாமல் இருப்பவர்மீது வைத்தார். உங்கள் பிள்ளைமீது வைக்கவில்லை.

முற்றத்து மழை

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. அந்த இரண்டு வரியை எழுதி அடுப்படியில் ஒட்டிவிட்டேன்.

ஆனால் புதிதாக ஒன்று உறுத்துகிறது. என் மகன் என்னை ஒருமுறை 'ஆத்தா' என்று கூப்பிட வேண்டும். இதைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை. புத்தர் சொல்லும் வேட்கை இதுதானா? துன்பத்துக்குக் காரணம் என்று இதையும் விடச் சொல்வாரா?

பழைய பேரேடு

தனக்கு இருக்கும் ஒரே மகனைத் தன் உயிரைக் கொடுத்துக் காக்கும் தாயைப் போல எல்லா உயிரிடமும் அன்பு வையுங்கள் என்றவர் அவர். தாயின் அன்பை அளவுகோலாக எடுத்தவர் அதை விடச் சொல்வாரா? நன்மை செய்ய முனையும் விருப்பத்துக்குப் பாலியில் 'குசல சந்தம்' (நல்ல விருப்பம்) என்று தனிச் சொல் உண்டு. மகனைப் பயிற்சிக்கு அழைத்துப் போகச் சொல்வது அது. 'எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது, இவன் வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாதா' என்று இரவில் புரளச் செய்வது வேட்கை. என் ஐயா நிலம் போனதால் அழிந்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பேரேட்டை மூட முடியாமல் அழிந்தார்.

முற்றத்து மழை

நீங்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறீர்கள். எனக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, ஒரே நிமிடத்தில். அவன் வாயசைவைப் பார்க்கும்போது எது சந்தம், எது வேட்கை என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி வந்து கேட்கிறேன். நாளை பேச்சுப் பயிற்சிக்கு மதுரை போக வேண்டும். காலை ஐந்தரைக்குப் பஸ்.