18 வளைவு இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரைக்கும் போய், பிறகு தானாகச் சரியானது. என்னவாக இருக்கும்?

களுவாஞ்சிக்குடி வேன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பழைய டொல்பின் வேன் ஒன்று நிற்கிறது, டீசல், மெனுவல் கியர். போன கிழமை 11 பேரோடு கண்டிக்குப் போய்த் திரும்பும்போது, ஹுன்னஸ்கிரிய தாண்டி, மகியங்கனைப் பக்கம் இறங்குகிற 18 கொண்டையூசி வளைவில் பாதி இறங்கியிருப்போம், பெடல் பஞ்சு மாதிரி ஆகி அடுத்த மிதியில் அடியில் போய் முட்டியது. நாலைந்து தரம் விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டேன். மாமி அன்றைக்குத் தொடங்கிய நேர்த்திக்கடனை இன்னும் எண்ணி முடிக்கவில்லை. அரை மணித்தியாலம் நின்ற பிறகு பெடல் பழைய உயரத்துக்கு வந்தது. மகியங்கனை, மகாஓயா, செங்கலடி என்று வீடு வந்து சேரும்வரை ஒரு குறையும் இல்லை. பிரேக் ஒயில் டப்பாவில் ஒயில் குறையவில்லை, சில்லுகளில் கசிவும் இல்லை. இங்கே கராஜில் காட்டினால், வேனைப் பார்க்காமலே மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கிற பாகம்) மாற்று என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

கல்லடிப் பாலம்:
அண்ணன், எந்த கியரில் இறங்கினீர்கள்? பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினது? இந்த இரண்டையும் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல ஏலாது.

களுவாஞ்சிக்குடி வேன்காரன்:
உண்மையைச் சொன்னால் ஏசக்கூடாது. நாலாவது கியர், சில இடங்களில் நியூட்ரல், டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று. ஒயில் மாற்றியதே இல்லை, குறைந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான்.

டிப்போ பழசு:
தம்பி, ஏசத்தான் வேண்டும், ஆனால் மாமியே போதும்.

மாஸ்டர் சிலிண்டரைத் தொடாதீர்கள், முதலில் சோதியுங்கள். வேன் ஆறியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்து ஒரு நிமிஷம் காலை எடுக்காமல் வையுங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், உள்ளே கப் ரப்பர் தேய்ந்து ஒயிலை விடுகிறது, கராஜ்காரர் சொன்னது சரி. இறங்காமல் நின்றால் சிலிண்டர் மேல் பழி போடாதீர்கள். ஆறினதும் தானாகச் சரியாகிற கோளாறு பெரும்பாலும் சூட்டுக் கோளாறுதான்.

சூட்டிலும் இரண்டு வகை. பெடல் இறுக்கமாக நின்றும் வண்டி நிற்காவிட்டால் உரசிச் சில்லை நிறுத்துகிற பேடும் லைனரும் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டன. பெடல் பஞ்சாகிப் போனால் ஒயில் கொதித்துவிட்டது. உங்களுடையது இரண்டாவது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். டொட் 3 (டொட் என்பது பிரேக் ஒயிலின் தரக் குறி) ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் கணக்கு 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் அது நசுங்கும், அழுத்தம் சில்லுக்குப் போகாது. ஆறினதும் ஆவி திரும்ப ஒயிலோடு சேர்ந்துவிடும், பெடலும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேலே வந்து நிற்கும். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வதால்தான் அன்றைக்குத் தப்பினீர்கள்.

காத்தான்குடி டீசல்:
நானா சொல்வது சரி. ஆனால் அதே வளைவில் எத்தனையோ பழைய வேன் பழைய ஒயிலோடு இறங்குகிறது, எல்லாம் கொதிக்கவில்லையே. ஏதோ ஒரு சில்லு பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி, நிறுத்தி, நாலு ரிம்மிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், சுடும். மாரியில் வெள்ளத்துக்குள் வேன் விட்டீர்களா? நம்ம பக்கம் கடல் உப்பு ஒரு பக்கம், வெள்ளத் தண்ணீர் ஒரு பக்கம், கலிப்பர் (பேடை அழுத்துகிற பாகம்) சறுக்கி ஓடுகிற பின்கள் துருப்பிடிக்காவிட்டால்தான் அதிசயம்.

களுவாஞ்சிக்குடி வேன்காரன்:
ஆறினபோது ஒரு நிமிஷம் மிதித்துப் பார்த்தேன், பெடல் இறங்கவே இல்லை. அடுத்ததாகப் பட்டிருப்புப் பாலம் தாண்டி ஓடிப் பார்த்தேன், முன் இடது ரிம் மட்டும் கிட்டப் போக முடியாத சூடு. கழற்றினால் கலிப்பரின் கீழ்ப் பின் துருவில் இறுகிப்போய், உள்பக்கப் பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. கடந்த மாரியில் அச்சு மட்டத் தண்ணீரில் இரண்டு நாள் ஓடினதும் உண்மை. பின்னை எடுத்துத் துரு துடைத்து, வீட்டில் இருக்கிற கிறீஸைப் பூசிப் போடலாமா?

டிப்போ பழசு:
வேண்டாம், வேண்டாம். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும், திரும்பவும் இறுகும். பிரேக்குக்கென்று விற்கிற சிலிகன் கிறீஸ் கேளுங்கள். பின்னில் குழி விழுந்திருந்தால் தேய்த்து மினுக்க வேண்டாம், புதுப் பின்னும், அதை மூடுகிற ரப்பர் பூட் உறையும் போடுங்கள். பேட் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

ஒயில் முழுவதையும் மாற்றுங்கள், டொட் 4 போடலாம், ஆனால் டொட் 5 என்று எழுதினதைத் தொடவே கூடாது, அது சிலிகன், இதோடு சேராது. பிரேக் குழாய்களில் காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரச் சில்லில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. டப்பா காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இறக்கத்தில் இரண்டாவது கியர். பிரேக்கைத் தொட்டபடியே வராமல், அழுத்திக் குறைத்து விட்டுவிடுங்கள், ஆற நேரம் கிடைக்கும். எஞ்சினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மிதிக்கிற காலுக்கு உதவுகிற பூஸ்டருக்கு வெக்கியூம் அதிலிருந்துதான் வருகிறது.

களுவாஞ்சிக்குடி வேன்காரன்:
எல்லாம் செய்தாயிற்று. பழைய ஒயில் பிளேன்டீ நிறத்தில் வந்தது. இப்போது இடது ரிம்மும் மற்றதும் ஒரே சூடு. பூட் மட்டும் மட்டக்களப்பு ரவுனில் கிடைக்கவில்லை, கல்முனையில்தான் எடுத்தேன்.

காத்தான்குடி டீசல்:
பின் சில்லு ட்ரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தீர்களா? முன்னுக்கு அந்த வெள்ளம் போயிருந்தால் பின்னுக்கும் போயிருக்கும்.

களுவாஞ்சிக்குடி வேன்காரன்:
இல்லை. நாளைக்குக் கழற்றுகிறேன்.